இரண்டாம் பொத்தான்

அந்தத் தெருவில் ஒரு கேலி உண்டு. "புருஷன் முடிய எடுக்கிறாரு, பொண்டாட்டி ரத்தத்த எடுக்கிறாங்க, இனி நம்மகிட்ட எடுக்க உயிருதான் பாக்கி" என்பார்கள். கேலிதான், கோபப்பட ஒன்றுமில்லை. அவர் சலூன் வைத்திருந்தார். அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பொழுது விடிந்ததும் வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து வருவாள். தெருவுக்கே அவள் ஊசியக்கா. காலையில் கார் அவளுக்கு. மத்தியானத்துக்கு மேல், எழுந்து நடமாட முடியாத வயசாளிகளுக்கு அவரவர் வீட்டிலேயே முடி வெட்டிவிட இவர் கிளம்புவார். அப்போது கார் இவருக்கு.

வம்பே அங்கேதான் இருந்தது. இவர் நெட்டை. வாசலில் குனியாமல் நுழைந்தால் நெற்றி புடைக்கும். அவளோ குள்ளம். சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிக்காத குறையாக உட்கார்ந்தால்தான் அவள் கால் பிரேக்குக்கு எட்டும். தினமும் மத்தியானம் இவர் அவசரமாக ஏறி முட்டியை இடித்துக்கொண்டு, "அடியே குள்ளி, எறங்கும்போது சீட்டப் பின்னாடி தள்ளிட்டு எறங்கினா என்ன கொறஞ்சா போயிடுவ?" என்று கத்துவார். "காலையில நான் ஏறும்போது இந்த நெட்டைக்கொக்கு மட்டும் முன்னாடி தள்ளி வச்சிட்டா எறங்கியிருக்கு?" என்று உள்ளேயிருந்து பதில் வரும். மகள் வளர்ந்து வெளியூர்க் கல்லூரிக்குப் போன பிறகும் இந்தச் சண்டை மட்டும் வயசாகாமல் அப்படியே இருந்தது.

அதனால்தான் இந்தக் காரை வாங்கினார்கள். யாரோ ஓட்டிக் கழித்த பழைய கார்தான். ஆனால் ஓட்டுகிறவர் சீட்டுக்கு மோட்டார் இருந்தது. கதவின் உட்பக்கம் ஒன்று, இரண்டு என்று எழுதிய இரண்டு பொத்தான்கள். வசதியாக உட்கார்ந்துகொண்டு ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால், சீட்டு அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை லேசாகத் தொட்டால் போதும், தானாகவே அங்கே வந்து நிற்கும். கடையிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு அவள், "ஒண்ணு உங்களுக்கு, ரெண்டு எனக்கு. இனிமே சண்டை போட வேற விஷயம் தேடிக்குங்க" என்றாள்.

தேடினார்கள், கிடைத்தது. பேட்டரி!

மனுஷன் தன் கத்தரிக்கோலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வைத்திருப்பார், காரை மட்டும் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி விட்டுவிடுவார். விளக்கை அணைக்காமல் இறங்குவார். எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து ரேடியோ கேட்பார். வாரம் தவறாமல் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பவள் அவள்தான். பேட்டரியின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதை வெந்நீரும் சமையல் சோடாவும் விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பாள். துடைத்துக் காயவிட்டு வாஸலின் களிம்பைத் தடவுவாள். மேலே இருக்கும் மூடிகளைத் திருகித் திறந்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் பேட்டரித் தண்ணீரை உறிஞ்சி, கோடு வரைக்கும் சொட்டுச் சொட்டாக விடுவாள். "இதுவும் ஒடம்பு மாதிரிதான். கொறையவும் கூடாது, கூடவும் கூடாது. உங்களுக்கு எங்க இதெல்லாம் தெரியப்போவுது" என்பாள். இவர் பக்கத்தில் நின்று டீ குடிப்பார். அவ்வளவுதான் அவர் செய்த உதவி.

ஊரார் ரத்தத்தையெல்லாம் சோதனைக்குக் கொண்டுபோனவள் தன் ரத்தத்தைக் கொடுத்துப் பார்க்கவில்லை. என்ன பெண்ணம்மா இவள்! களைப்பு, களைப்பு என்று சொல்லிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளோடு வேலை பார்த்தவள் ஒருத்தி வம்படியாகக் கையைப் பிடித்துக் குத்தி எடுத்துப் பார்த்தபோது, எல்லாம் கைமீறிப் போயிருந்தது. மழைக்காலம் தொடங்கும்போது படுத்தாள். அது முடிவதற்குள் போய்விட்டாள்.

மகள் வந்தாள், அழுதாள், படிப்பு முடித்து வெளியூரிலேயே சேர்ந்திருந்த வேலைக்குத் திரும்பிப் போனாள். சலூன்காரர் காரைத் தொடவில்லை. முடி வெட்டப் பஸ்ஸில் போனார். கார் வீட்டின் பக்கத்துச் சந்தில் இலையும் தூசியும் மூடிக் கிடந்தது. ஒருநாள் மழையில் பஸ் வராமல் போகவே, வேறு வழியில்லாமல் சாவியைப் போட்டுத் திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம். பிறகு அதுவும் இல்லை.

தெருமுனைப் பேட்டரிக்காரர் வந்து பார்த்தார். இவரைவிட இளையவர், வாயாடி. தன் கடை பேட்டரியிலிருந்து வயர் இழுத்துப் பூட்டி, காரைக் கிளப்பிக் கொடுத்தார். "நல்லவேளைண்ணே, கொஞ்சம் உயிர் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. சுத்தமா போயிருந்தா இந்த வண்டி எல்லாத்தையும் மறந்துடும். ரேடியோ ஸ்டேஷன், கடிகாரம், சீட்டு, எல்லாமே மொதல்லேருந்து வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீட்டா? சலூன்காரர் கதவைத் திறந்தபடி நின்றார். கை தானாகப் போய் இரண்டாம் பொத்தானைத் தொட்டது. உர்ர் என்று மெதுவாக ஒரு சத்தம். ஆளில்லாத சீட்டு முன்னால் நகர்ந்தது. நகர்ந்து, மேலே உயர்ந்து, முதுகை நிமிர்த்தி, ஸ்டியரிங்குக்கு வெகு அருகில் போய் ஒரு சின்னக் குலுக்கலோடு நின்றது. அவள் ஏறி உட்கார்ந்து, "ம், போலாம்" என்று சொல்கிற இடம் அது. அவர் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். சாவு வீட்டில் கூட அப்படி அழவில்லை அவர்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். பைத்தியம் என்று தெருக்காரர்கள் சொன்னார்கள், நான் சொல்லவில்லை. கடைக்கு விடுமுறை விடுகிற நாளில் மனுஷன் வெந்நீரும் பிரஷ்ஷுமாகச் சந்துக்கு வந்துவிடுவார். பேட்டரிக்காரரிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். சும்மா நிறுத்தினால் பேட்டரி இறங்கும், சின்னச் சின்ன ஓட்டம் ஓட்டினாலும் இறங்கும் என்று தெரிந்ததும், வாரம் ஒருமுறை ஊரைச் சுற்றி நெடுந்தூரம் ஓட்டி வந்தார். விளக்கை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்த்தார். அவளுடைய அதே சிரிஞ்சில் அதே மாதிரி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். எல்லாம் முடிந்ததும் இரண்டாம் பொத்தானைத் தொட்டுவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அந்த வாரத்துக் கதையைச் சொல்லுவார். இன்னாருக்கு முடி கொட்டிவிட்டது, இன்னார் உன்னைக் கேட்டார், மகள் போன் பண்ணினாள், அப்புறம், இன்றைக்கு லைட்டை அணைத்துவிட்டேன், பார்த்துக்கொள். இப்படியே ஆண்டுகள் ஓடின.

பேட்டரிக்கு வயசாகிவிட்டது. "அண்ணே, இதோட வயசுல எந்த பேட்டரியும் உசுரோட இல்ல. மியூசியத்துல வைக்கலாம். புதுசு போடுங்க" என்று பேட்டரிக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "ஓடுற வரைக்கும் ஓடட்டும் தம்பி" என்பார் இவர். "கஞ்சன்னு கேள்விப்பட்டிருக்கேன், இந்த மாதிரி ஒரு கஞ்சன இப்பத்தான் பாக்குறேன்" என்று அவர் சிரிப்பார். இவர் அந்தப் பட்டத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். காரணத்தைச் சொல்ல வெட்கம். செத்துப்போன பெண்டாட்டியின் சீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று யாரிடம் சொல்வது?

அப்போதுதான் மகளுக்கு உள்ளூருக்கே மாற்றல் வந்தது. பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினாள். வீட்டில் மறுபடியும் ஒரு குரல் கேட்டதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. உயரத்தில் அவள் அப்பாவைக் கொண்டவள், நாலு விரல்தான் குறைவு. வாய் மட்டும் அம்மாவுடையது.

"அப்பா, ஆபீசுக்கு நான் கார எடுத்துட்டுப் போகட்டுமா? நீங்க எப்பவாவதுதானே எடுக்கிறீங்க?"

அவர் உடனே சரி என்றார். மகள் மேல் உள்ள பாசம் ஒரு பக்கம். தினமும் ஓடினால் பேட்டரிக்கு நல்லது என்பது இன்னொரு பக்கம். சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் பாடம் எடுத்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு ரேடியோ போடாதே. ஏசியை அணைத்த பிறகு வண்டியை நிறுத்து. உள்விளக்கைப் பார்த்துவிட்டு இறங்கு. முன்விளக்கைத் திரும்பி வந்து ஒருமுறை பார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா, இது பேட்டரியா, கைக்கொழந்தையா?"

எல்லாவற்றையும் சொன்னார். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பாவி மனுஷன், அதை ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா! பெற்ற மகளிடம் என்ன வெட்கம்? நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "பாத்துப் போம்மா" என்றார். அவளும் நெட்டைதானே, ஒன்றாம் பொத்தானைத்தான் தொடுவாள், இரண்டின் பக்கமே போக மாட்டாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டாம் பொத்தானைத் தொட அவருக்கு வாய்க்கவில்லை. அவருடைய விடுமுறை நாளில் கார் மகளோடு ஆபீசில் இருந்தது. அவள் வீட்டில் இருக்கிற நாளில் சலூனில் கூட்டம். சாயங்காலம் அவள் வந்ததும் பானெட்டைத் தூக்கித் தண்ணீரை மட்டும் பார்ப்பார். மகள் மாடி ஜன்னலில் நின்று வேடிக்கை பார்ப்பாள். எப்படிப் போய் உட்கார்ந்து காற்றோடு பேசுவது? இருக்கட்டும், குள்ளி எங்கே போய்விடப் போகிறாள் என்று விட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் மகள் நேரம் கழித்து வந்தாள், முகம் கடுகடுவென்று இருந்தது.

"வண்டி ஸ்டார்ட்டே ஆகலப்பா. கூட வேல பாக்கிறவங்க வயர் போட்டு எடுத்துக் குடுத்தாங்க. போதும் இந்த பேட்டரி. நாளைக்கு ஆபீஸ் பக்கத்துல இருக்கிற கடையிலயே புதுசு மாத்திடறேன். பத்து நிமிஷ வேல."

"வேண்டாம்! கண்டவன் கை வைக்கக் கூடாது. நம்ம பேட்டரிக்காரர் இருக்காரு, நான் பாத்துக்கிறேன்" என்றார். குரல் உயர்ந்ததை அவரே கவனித்தார். மகள் வியப்பாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் பேட்டரிக் கடைக்குப் போனார். கடையில் வேறு ஆளில்லை. இருந்தும் வெளியே இருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"தம்பி, புதுசு போடணும்."

"அப்பாடா! சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது இன்னிக்கு?"

"ஆனா பழச எடுக்கும்போது வண்டி எதையும் மறக்கக் கூடாது."

"எதண்ணே? ரேடியோ ஸ்டேஷனா? அத நானே வச்சுத் தரேன்."

"ரேடியோ இல்ல. சீட்டு." அவர் கடை மேஜையில் கிடந்த ஒரு ஸ்பேனரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "ரெண்டாவது பட்டன்ல உங்க ஊசியக்கா சீட்டு இருக்கு, தம்பி. அவ வச்சது. அது ஒண்ணுதான் அப்படியே இருக்கு. சேலையெல்லாம் அவ தங்கச்சி கொண்டுபோயிட்டா. செருப்பு நைஞ்சுபோச்சு. சீட்டு மட்டும் இன்னும் அவ வருவான்னு நெனச்சுக்கிட்டிருக்கு."

எத்தனை வருஷம் இந்த மனுஷனைக் கஞ்சன் என்று கூப்பிட்டிருப்பார்! பேட்டரிக்காரர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அண்ணே, அவங்கதான் எங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் ரத்தம் எடுத்தாங்க. வலிக்காம குத்துற கை அது. நீங்க கவலப்படாதீங்க. இன்னொரு பேட்டரிய மொதல்லயே வயர்ல பூட்டிட்டு அப்புறமாத்தான் பழச கழட்டுவேன். வண்டிக்கு ஆள் மாறினதே தெரியாது. ஒண்ணு மட்டும் கேளுங்க. அதுவரைக்கும் சீட்ட நகத்திப் பாக்காதீங்க. மோட்டார் ஓடினா இருக்கிற கொஞ்ச உசுரும் போயிடும்."

சலூனுக்கு விடுமுறை நாள் காலையில், மகள் ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன்பே பேட்டரிக்காரர் வந்துவிட்டார். கடையில் அவர் இப்படி வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. வாய் ஒரு வார்த்தை பேசவில்லை. காரின் உள்விளக்கைப் போட்டுவிட்டு, "அண்ணே, நீங்க இந்த லைட்டயே பாத்துக்கிட்டிருங்க. இது எரியிற வரைக்கும் வண்டி எதையும் மறக்கல. அணைஞ்சா உடனே சொல்லுங்க" என்றார். சலூன்காரர் கதவருகே நின்று அந்த மங்கலான மஞ்சள் விளக்கைக் கண் கொட்டாமல் பார்த்தார். மனைவியின் கட்டிலருகே கூட இப்படித்தான் நின்றார். அங்கே பார்த்துக்கொண்டிருந்ததற்குப் பலனில்லை.

சிவப்பு வயர் பூட்டியாகிவிட்டது. கறுப்பு வயர் பூட்டியாகிவிட்டது. பழைய பேட்டரியின் முனைகள் கழன்றன. விளக்கு எரிந்தது. பேட்டரியைத் தூக்கும்போது பேட்டரிக்காரரின் முழங்கை வயரில் பட்டது. விளக்கு ஒரு தடவை சிமிட்டியது.

"தம்பி!"

"புடிச்சிட்டேண்ணே, புடிச்சிட்டேன். அணையல இல்ல? எரியுதில்ல?"

எரிந்தது. இருவருக்கும் வியர்த்துக் கொட்டியது. புது பேட்டரி உள்ளே இறங்கியது, முனைகள் இறுகின, துணை வயர்கள் கழன்றன. விளக்கு முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது. பேட்டரிக்காரர் நிமிர்ந்து, வாயெல்லாம் பல்லாக, "இனி அமுக்குங்கண்ணே. அக்காவ நீங்களே கூப்பிடுங்க" என்றார்.

சலூன்காரர் சாவியைத் திருப்பினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டாம் பொத்தானைத் தொட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. உர்ர் என்ற சத்தம் இல்லை. சீட்டு அசையவில்லை. மறுபடி தொட்டார். மறுபடியும். சீட்டு இருந்த இடத்திலேயே மரம் மாதிரி இருந்தது.

பேட்டரிக்காரர் ஓடிவந்து தானும் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒன்றாம் பொத்தானைத் தொட்டார். சீட்டு லேசாகப் பின்னால் நகர்ந்து நின்றது. "அண்ணே, ஒண்ணு இருக்கே. மறந்திருந்தா ரெண்டும்ல போயிருக்கணும், இது என்ன…"

அவர் முடிக்கவில்லை. சலூன்காரருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கண் முன்னால் அந்த விளக்கு சிமிட்டியதுதான் நின்றது. யாரையும் டா போட்டுப் பேசாத மனுஷன், சந்து முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"கெடுத்துட்டியேடா! உன்ன நம்பி சொன்னேனே! யார்கிட்டயும் சொல்லாதத உன்கிட்ட சொன்னேனே! கையா அது, கட்டையா? உனக்கென்ன, உன் பொண்டாட்டி வீட்டுல குத்துக்கல்லாட்டம் இருக்கா. அவ செத்தாத்தான்டா உனக்குத் தெரியும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. பேட்டரிக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

சத்தம் கேட்டு மகள் டீத் தட்டோடு இறங்கி ஓடிவந்தாள். "என்னப்பா? என்ன ஆச்சு? எதுக்கு இப்படிக் கத்தறீங்க?"

"சீட்டு…" என்றார் அவர்.

"சீட்டுக்கு என்ன?" தட்டைச் சுவர் மேல் வைத்துவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டாம் பொத்தானைத் தொட்டாள். உர்ர் என்றது. சீட்டு கொஞ்சம் முன்னால் வந்து, சின்னக் குலுக்கலோடு நின்றது. அவள் பிரேக்கில் காலை வைத்துப் பார்த்தாள். "சரியாத்தானே இருக்கு? இதுதான் என் அளவு. நான்தானே வச்சேன்."

சலூன்காரர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"வந்த மொத நாளே வச்சிட்டேனே. ஒண்ணு உங்களுது. அதக் கலைச்சா நீங்க ஏறும்போது முட்டி இடிக்கும், அதான் ரெண்டுல வச்சேன். ரெண்டுல என்னமோ ஸ்டியரிங்கோட ஒட்டினாப்ல இருந்துச்சு. ஒரு ஆளு உக்காரவே முடியாது. யாருதுப்பா அது?"

அம்மா இந்தக் காரை ஓட்டிய நாளெல்லாம் அவள் வெளியூர் விடுதியில் இருந்தாள். விடுமுறைக்கு வந்தால் பின்சீட்டில் படுத்துத் தூங்கினாள். அவளுக்கு எப்படித் தெரியும்? சலூன்காரர் வாயைத் திறந்தார். உங்க அம்மாவுதும்மா என்று சொல்லத்தான் நினைத்தார். வெளியே விட்டால் இந்தப் பெண் ஆயுசுக்கும் அழுவாள். அப்பாவின் முட்டி இடிக்கக் கூடாது என்று நினைத்த பெண்.

"பழைய ஓனரோடதா இருக்கும்மா" என்றது ஒரு குரல். பேட்டரிக்காரர். இன்னும் தலை நிமிரவில்லை. "கைமாறி வர்ற வண்டியில இதெல்லாம் சகஜம். யாராவது எதையாவது வச்சிட்டுப் போயிருப்பாங்க."

"அதான் நானும் நெனச்சேன்" என்றாள் மகள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "கண்ணெல்லாம் ஏன்ப்பா இப்படிச் செவந்திருக்கு? தண்ணி வேற வருது?"

"ஆசிட்டு" என்றார் அவர்.

"பழைய பேட்டரின்னா ஆசிட் வாடை கண்ணுல ஏறும்மா" என்றார் பேட்டரிக்காரர். "எனக்கும்தான் எரியுது, பாரு."

"ரெண்டு பேரும் போய் மூஞ்சியக் கழுவுங்க மொதல்ல. டீ ஆறுது" என்று சொல்லிவிட்டு அவள் ஆபீசுக்குக் கிளம்பத் தயாராக உள்ளே ஓடினாள்.

சலூன்காரர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். எத்தனை வருஷம்! ஒரு சொட்டுத் தண்ணீர் குறையவிடாமல், ஒரு ராத்திரி விளக்கு எரியவிடாமல் காத்தது. அது போய் இத்தனை நாளாகிவிட்டது. போனது கூடத் தெரியாமல் இன்று காலை வரைக்கும் காவல் இருந்திருக்கிறார். பேட்டரிக்கு நல்லது என்று சாவியைக் கொடுத்தவர் அவர்தான்.

பேட்டரிக்காரர் பழைய பேட்டரியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் அழுக்கே இல்லை.

"தம்பி, நான் சொன்னது… உன் வீட்டுக்காரியப் பத்தி…"

"விடுங்கண்ணே. அவ நல்லா இருப்பா. நீங்க சொன்னதுக்கெல்லாம் எமன் வரமாட்டான்." குரல் கொஞ்சம் கரகரத்தது. "புள்ளகிட்ட ஒரு நாள் சொல்லுங்கண்ணே. இன்னிக்கு வேணாம். ஒரு நாள்."

"சொல்லி?"

பேட்டரிக்காரர் பழைய பேட்டரியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த விடுமுறை நாள் வந்தது. காலையில் சலூன்காரர் பழக்கத்தில் எழுந்தார், பழக்கத்தில் வெந்நீர் வைத்தார், பிரஷ்ஷையும் வாஸலின் டப்பாவையும் சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டு சந்துக்கு வந்து பானெட்டைத் தூக்கினார். புது பேட்டரி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. முனைகளில் எதுவும் பூத்திருக்கவில்லை. மேலே திருகித் திறக்க மூடிகளே இல்லை. தண்ணீர் விடத் தேவையில்லாத பேட்டரி. சும்மா இருந்தால் போதும் என்று பேட்டரிக்காரர் சொல்லியிருந்தார். சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே பானெட்டை மூடினார்.

காரின் கதவைத் திறந்து, சீட்டின் பக்கவாட்டுச் சுவிட்சைப் பிடித்தார். தானே தேடிப் பார்த்தால் என்ன? சீட்டை முன்னால் தள்ளினார். இன்னும் கொஞ்சம். மேலே உயர்த்தினார். முதுகை நிமிர்த்தினார். இதுவா? பக்கத்து சீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். இல்லை, இன்னும் கொஞ்சம் முன்னால். திரும்பி வந்து தள்ளினார். இப்போது ரொம்ப முன்னால் போய்விட்டது, இப்படி உட்கார்ந்தால் மூச்சு முட்டும். கொஞ்சம் பின்னால். இதுவோ? கண்ணை மூடி அவளை அங்கே உட்காரவைத்துப் பார்த்தார். தோள் எங்கே வரும், கொண்டை எங்கே இடிக்கும், காதோரம் எந்தக் கண்ணாடியில் தெரியும் என்று எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. எங்கே நிறுத்தினாலும் அவள் இடம் மாதிரியே இருந்தது, அவள் இடமாக மட்டும் இல்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவர், இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஒரு சாணளவு இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. "குள்ளி" என்று கூப்பிட்டுப் பார்த்தார். வாய்விட்டு அழுதார்.

மாடி ஜன்னலிலிருந்து மகளின் குரல் வந்தது. "அப்பா! கார்ல என்ன பண்றீங்க? உள்லைட் எரியுது பாருங்க. அணைச்சிட்டு வாங்க, பேட்டரி எறங்கிடப் போவுது!"

"அணைக்கிறேன்மா" என்றார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னும் சற்று நேரத்தில் அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஏறும்போது முட்டி இடிக்கக் கூடாது. இரண்டாம் பொத்தானைத் தொட்டார். சீட்டு உர்ர் என்று பின்னால் வந்து, மகளின் இடத்தில் ஒரு சின்னக் குலுக்கலோடு நின்றது. விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார். வாசல் வரைக்கும் போனவர், அணைத்தோமா என்று திரும்பி வந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.